இருமல் நின்றதும் மாத்திரை ஏன் நின்றுவிடுகிறது?

குடியாத்தத்தில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் இருபது வருஷம் நின்றவன் நான். காசநோய் என்று பேச்சு வந்தாலே காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "மாத்திரையைச் சும்மாவே குடுக்கறாங்க, ஆறு மாசம் போட்டுக்கக் கூடாதா? அலட்சியம் சார், வேற இன்னா." இதைச் சொல்கிறவர் பெரும்பாலும், டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிய ஆன்டிபயாட்டிக்கை "மூணு நாளைக்குக் குடுங்க, போதும்" என்று வாங்கிப் போகிறவராக இருப்பார்.

என் பெரியப்பாவைப் பற்றியும் ஊரில் அதைத்தான் சொன்னார்கள். பேரணாம்பட்டில் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை அவருக்கு. 2017 தொடக்கத்தில், சிகிச்சையின் மூன்றாவது மாதத்தில், மாத்திரையை விட்டார். இரண்டு வருஷம் கழித்து இருமல் திரும்பி வந்தது. "இன்னா பெரியப்பா, சின்னப் புள்ளையா நீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன். மருந்து விற்கிறவனுக்கே அன்றைக்கு இந்த நோயின் கணக்கு சரியாகப் பிடிபடவில்லை. பிறகு படித்தும், விசாரித்தும், அவரோடு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டதை, மருத்துவம் படிக்காதவர்களுக்குப் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

ஆறு மாதம் எதற்கு?

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோரைப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிகிற புல்லைச் செதுக்கிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு அப்படியே கிடக்கும். களைக்கொல்லி அடித்தால், பச்சையாக வளர்ந்து நிற்கிற புல் மருந்தை உறிஞ்சிச் சாகும். முளைக்காமல் உறங்குகிற கிழங்குக்கு மருந்து போய்ச் சேராது. நல்ல மழை ஒன்று பெய்தால் மறுபடி கோரை. இந்தக் களையை ஒழித்தவர் யாரும் ஒரே நாளில் ஒழித்திருக்க மாட்டார். முளைக்க முளைக்க, சலிக்காமல் எடுத்திருப்பார்.

காசநோய்க் கிருமி ஏறக்குறைய இந்தக் கோரை மாதிரிதான். நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று, வசதி கிடைத்தால், இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதற்குச் சுமார் இருபது மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு மந்தம். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பெரும்பாலும் கிருமி வளர்கிறபோது, தனக்குச் சுவர் கட்டிக்கொள்கிறபோது, பெருகுகிறபோதுதான் அதை அடிக்கின்றன. சோம்பேறியாகக் கிடக்கிற கிருமியிடம் அடிபடுகிற மாதிரி எதுவும் நடப்பதில்லை.

நோயாளியின் நுரையீரலில் எல்லாக் கிருமிகளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. புண்ணால் உண்டான குழிகளில் காற்று கிடைப்பதால் கோடிக்கணக்கில் பெருகிக்கொண்டிருப்பவை ஒரு கூட்டம். நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே புகுந்து மெதுவாகப் பிழைப்பை ஓட்டுபவை இன்னொரு கூட்டம். எப்போதாவது கொஞ்ச நேரம் விழித்துவிட்டு மறுபடி அடங்கிவிடுகிற ஒரு சிறு கூட்டமும் உண்டு. இந்த மூன்றாவது கூட்டத்தை இந்தக் கட்டுரையில் 'உறங்கும் கிருமி' என்று சொல்கிறேன். கோரைக்கிழங்கு இதுதான்.

அதனால்தான் ஒரு மருந்து போதவில்லை. ஐசோனியசிட், வேகமாகப் பெருகுகிற கூட்டத்தை முதல் சில நாட்களிலேயே அடித்துச் சாய்க்கும். பைராசினமைட், அமிலத்தன்மை உள்ள இடங்களில் ஒளிந்திருப்பவற்றின் மேல் வேலை செய்யும். ரிஃபாம்பிசின், உறங்கும் கிருமி கண் விழிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அதைப் பிடிக்கும். எத்தாம்பூட்டால் எதற்கு என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் இந்த நான்கும் சேர்ந்து. அதைத் தீவிரக் கட்டம் என்பார்கள். அடுத்த நான்கு மாதம் பைராசினமைட் நீங்கலாக மற்ற மூன்றும். இது தொடர் கட்டம். உறங்கும் கிருமி எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது விழிக்கிற நாளில் உடம்பில் மருந்து இருக்க வேண்டும். ஆறு மாதக் கணக்கு அந்தக் காத்திருப்புக்காகத்தான்.

ஆறு மாதமே பெரிய சலுகை என்பது பலருக்குத் தெரியாது. ரிஃபாம்பிசின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று மருந்து சாப்பிட்டார்கள், ஊசியும் போட்டுக்கொண்டார்கள். குறுங்காலச் சிகிச்சை எனப்படும் இந்தப் புதிய முறையை 1980-களில் மாவட்ட அளவில் நடத்திப் பார்த்த இடங்களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் ஒன்று. இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாம் பிரித்துச் சொல்கிற நிலப்பரப்பு அது.

இதுவரை சொன்னதன் சாரம்: முதல் சில வாரங்களில் சாவது மேலே தெரிகிற புல். மீதி மாதங்கள் கிழங்குக்காக.

இருமல் நின்றால் நோய் நின்றதா?

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பாலாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாகத்தான் கிடக்கிறது. வெளியூர்க்காரன் பார்த்தால் செத்த ஆறு என்பான். நாம் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடித்தவர்கள். மேலே ஈரமே தெரியாத இடத்தில், கீழே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், இராத்திரி வேர்வை நிற்கும், பசி எடுக்கும், இருமல் குறையும். இரண்டாவது மாத முடிவில் சளியை மறுபடி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு 'நெகட்டிவ்' என்று வரும். இங்கேதான் நல்ல செய்தியே குழி பறிக்கிறது. நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்று நாம் படிக்கிறோம். நுண்ணோக்கிக்கு அவ்வளவு கூர்மையான கண் கிடையாது. ஒரு மில்லி சளியில் குறைந்தது ஐயாயிரம், பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் அதன் கண்ணில் ஒன்றிரண்டு படும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் சீட்டில் எழுதப்படுவது ஒரே வார்த்தைதான்.

எங்கள் பெரியப்பா அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து காட்டினார். "பாத்தியா, ஒண்ணுமில்ல." நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டு டீ சொன்னேன். மருந்துக்கடைக்காரன் செய்த முதல் தப்பு அது.

ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று சொல்வார்களே, மாத்திரைக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு அப்படித்தான் ஆகிவிடுகிறது. உண்மையில் அவர் நிற்பது நடு ஆற்றில். கரை வந்துவிட்ட மாதிரி உடம்பு சொல்கிறது. வேறு எந்த நோயிலும் உடம்பு சொல்வதை நம்பித்தான் பழகியிருக்கிறோம். தலைவலி போனால் மாத்திரை வேண்டாம், பேதி நின்றால் கஞ்சி போதும். அப்படிப் பழகிய ஆளிடம், நன்றாக இருக்கிற நான்கு மாதமும் தினமும் நோயாளியாக இரு என்று கேட்கிறோம்.

உடம்புக்கு மருந்து பழகிப்போகிறதா?

"விட்டு விட்டுப் போட்டா உடம்புக்குப் பழகிப்போயி அப்புறம் மருந்து கேக்காது" என்பது இன்னொரு பிரபலமான பேச்சு. பாதி உண்மை. பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அதுவும் பழகுகிறது என்று சொல்வதைவிட, சலித்து எடுக்கப்படுகிறது என்று சொல்லலாம்.

வீட்டுக் கதவில் ஒரு பூட்டு இருக்கிறது. ஊரில் உள்ள லட்சக்கணக்கான திருடர்களில் யாரோ ஒருவனிடம் தற்செயலாக அந்தப் பூட்டுக்குச் சரியான சாவி இருக்கும். காசநோய்க் கிருமிகளில் சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, மருந்தையே பார்க்காதபோதும், ஐசோனியசிடுக்கு மசியாததாகப் பிறக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு மசியாதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் ஒரு பெரிய குழியில் பத்துக் கோடிக் கிருமி இருக்கலாம். ஆக, ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, சாவி வைத்திருப்பவன் மட்டும் தனியாக வீட்டை ஆள்வான். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நடந்தது இதுதான். நோயாளிகள் தேறினார்கள், பிறகு பலருக்கு மருந்துக்கு அடங்காத கிருமியோடு நோய் திரும்பி வந்தது.

இரண்டு பூட்டுக்கும் சாவி உள்ளவன் கோடி கோடியில் ஒருவன். அவ்வளவு கிருமி ஒரு மனிதனுக்குள் இருக்காது. கூட்டு மருந்தின் முழு இரகசியமும் இந்தப் பெருக்கல் கணக்குதான். எத்தாம்பூட்டால் எதற்கு என்று தள்ளி வைத்தேனே, அது இன்னொரு காவல் பூட்டு. மற்ற மருந்துகளில் ஏதாவது ஒன்றுக்கு மசியாத கிருமி ஆரம்பத்திலேயே உள்ளே இருந்துவிட்டால் கதவு திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

முன்பெல்லாம் மாத்திரைகள் தனித்தனியாக இருக்கும். வாந்தி வருகிறது என்று ஒன்றை ஒதுக்குவார்கள், மூட்டு வலிக்கிறது என்று இன்னொன்றை. கடைக்கு வந்து "அந்தச் செவப்பு கேப்சூல் மட்டும் பத்து குடுங்க" என்று கேட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு பூட்டைக் கழற்றி வைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. 2014 முதல் காசநோய் மருந்துகளை விற்றால் நோயாளி, டாக்டர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. இப்போது அரசு தருவது எல்லா மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. எடைக்கு ஏற்ப எண்ணிக்கை மட்டும் மாறும். பொறுக்கிப் போட வழியில்லை. நல்ல ஏற்பாடு.

இதில் ஒரு நுணுக்கம் பேச்சில் அடிபட்டுப் போகிறது. எல்லா மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் நோய் திரும்பலாம். ஆனால் திரும்பி வருகிற கிருமி பல சமயம் பழைய மருந்துக்கே மசியும். தாறுமாறாக, விட்டு விட்டு, பொறுக்கிப் பொறுக்கிப் போடும்போதுதான் மசியாத கிருமி ஊட்டி வளர்க்கப்படுகிறது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே மசியாத நோயைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள். அது வந்தவரெல்லாம் மாத்திரையை விட்டவர் என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கிருமி காற்றில் பரவும். ஒரு மாத்திரையும் தொடாத ஒருவருக்கு நேராக அதுவே வந்து ஒட்டலாம்.

சுருக்கமாக: நிறுத்தினால் திரும்ப வரலாம், குளறுபடி செய்தால் கெட்டிப்பட்டுத் திரும்ப வரலாம்.

அலட்சியம் என்ற ஒற்றைச் சொல்

இனி, ஏன் நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி.

பெரியப்பாவின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அன்றைய முறையில் வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வேளையையும் ஊழியர் முன்னால் விழுங்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போனால் போதும், மீதியைக் கையில் தருவார்கள். தோல் ஷாப்பில் காலை வேலைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. மாத்திரை தரும் இடம் திறப்பது அதற்குப் பிறகு. முதல் இரண்டு மாதம் வேலைக்கே போக முடியாத உடம்பு, அதனால் சிக்கல் இல்லை. உடம்பு தேறியதும் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். வாரத்தில் ஒரு நாள் மாத்திரையா கூலியா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. நோய் முற்றியிருந்தபோது மருந்துக்குப் போக அவரிடம் நேரம் இருந்தது. குணமாகத் தொடங்கியபோது நேரம் போய்விட்டது. மருந்து இலவசம்தான். அதை வாங்கப் போகிற நாள் இலவசமில்லை.

பீடி சுற்றுகிற பெண்களுக்கு நேரம் கையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, கட்டுப் போட்டுக் கம்பெனி எடுக்கிற நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மஞ்சள் வெயிலில் முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தால் ஓய்வாக இருக்கிற மாதிரிதான் தெரியும்.

அடுத்தது பசி. இது டாக்டர் அறையில் அதிகம் பேசப்படாத காரணம். பெரியம்மா ஒரு நாள் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாத்திரை போட்டா பசி வயித்தப் புடுங்குதுப்பா அவருக்கு. நாலு இட்லி பத்தல. எங்க போறது நானு?" நோய் இருந்தபோது பசி இல்லை, செலவும் இல்லை. மருந்து வேலை செய்ததும் பசி வந்தது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். ஏழை வீட்டில் ஒரு ஆளுடைய பசி திரும்பி வருவது சந்தோஷம் மட்டும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. சத்துக்குறைவும் காசநோயும் ஒன்றையொன்று இழுத்துப் போடுகிறவை. ஜார்க்கண்டில் 2019-ல் தொடங்கி நடந்த ஓர் ஆய்வில், நோயாளி வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. முடிவு 2023-ல் வெளியானது. மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறது. நல்லதுதான். ஆனால் வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போக வேண்டும், பணம் வரும் தேதியும் பசி வரும் தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

பக்கவிளைவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதில் கெடுதல் எதுவும் இல்லை. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து அன்றே நிறுத்திவிடுவார்கள். பைராசினமைடால் மூட்டு வலிக்கலாம், ஐசோனியசிடால் பாதம் மரத்துப்போகலாம்; இவற்றுக்கு வழி உண்டு. கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே போய்க் காட்ட வேண்டும். மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். குடிப்பழக்கம் உள்ளவருக்கு ஈரல் பாதிப்பு வாய்ப்பு அதிகம் என்பதால் "குடிச்சிட்டு மாத்திரை போடாதே" என்று எச்சரிப்பார்கள். அவர் அதை அப்படியே கடைப்பிடிப்பார்: குடித்த நாளெல்லாம் மாத்திரை போடமாட்டார்.

வெட்கம் தனிக் கதை. பெரியப்பா மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகாதார ஊழியர் வண்டியில் தெருவுக்குள் வந்து வீட்டைக் கேட்டு விசாரித்த அன்று பெரியம்மா சாப்பிடவில்லை. ஊழியர் தன் வேலையைத்தான் செய்தார். தெரு தன் வேலையைச் செய்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் மாமியார் வீட்டில் மறைத்து மாத்திரை போடுவதும், தாய் வீட்டுக்குப் போகிறபோது மட்டும் போடுவதும் நான் கடையில் நின்றபடியே தெரிந்துகொண்ட விஷயம்.

தனியாரிடம் ஆரம்பிக்கிறவர்கள் வேறு வழியில் நழுவுகிறார்கள். முதல் மாதம் ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று சேர்த்து வைத்த பணம் போய்விடும். மூன்றாவது மாதம் மருந்து வாங்கக் கையில் இருக்காது. அதே மருந்து அரசிடம் இலவசம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் சிகிச்சை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நோயாளி பக்கம் எந்தத் தப்பும் இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. 2024 தொடக்கத்தில் காசநோய் மாத்திரைக்கே நாட்டில் பல இடங்களில் தட்டுப்பாடு. உள்ளூரிலேயே வாங்கிச் சமாளியுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆறு மாதம் விடாமல் போடு என்று நாம் யாரிடம் சொல்கிறோமோ, அவர் மாத்திரை கேட்டு நின்றபோது இல்லை என்றோம்.

நிறுத்துவது ஒரு நாளில் நடப்பதில்லை

'நிறுத்திவிட்டார்' என்றால் ஒரு நாள் காலையில் முடிவெடுத்து மாத்திரையைத் தூக்கிப் போட்டார் என்று தோன்றும். நான் பார்த்தவரையில் அப்படி யாரும் இல்லை. ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, கெங்கையம்மன் சிரசுக்கு ஊரே கூடுகிற நாள். அன்று ஒரு வேளை தவறும். ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கும் ஒன்றும் ஆகாது. தவறியதற்குத் தண்டனை உடனே கிடைத்திருந்தால் யாரும் தவற மாட்டார்கள். இந்த நோய் மாதக்கணக்கில் பொறுத்திருந்து கேட்கிறது.

இதற்குள் வேறொன்று சேர்ந்துவிடும். இரண்டு வாரம் போகாதவருக்கு மூன்றாவது வாரம் போவது சிரமம். திட்டுவார்களே. அட்டையில் காலிக் கட்டங்கள் தெரியுமே. பாடம் எழுதாத பையன் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருப்பது மாதிரி. பெரியப்பா கடைசியாக மாத்திரை வாங்கப் போய்த் திட்டு வாங்கி வந்தார். எங்கே, யார் என்பது இப்போது முக்கியமில்லை. அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

பதிவேட்டு மொழியிலும் இந்தத் திட்டு இருந்தது. இப்படி விடுபட்டவரை 'டிஃபால்டர்' என்று எழுதினார்கள். கடன் கட்டாதவனைச் சொல்கிற அதே சொல். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் அதை மாற்றியது. தொடர்ந்து இரண்டு மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை தடைபட்டவரை 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருளில் குறிக்கச் சொன்னது. தொடர்பு விட்டுப்போவதற்கு இரண்டு கை வேண்டும் என்பதால் இந்தச் சொல் எனக்கு நியாயமாகப் படுகிறது.

கண் முன்னால் விழுங்க வைப்பது எங்கே தொடங்கியது?

மாத்திரையை ஊழியர் முன்னால் விழுங்குவதுதான் 'டாட்ஸ்' என்று நாம் அறிந்த முறையின் நடு அச்சு. இந்தியாவில் 1997-ல் இதைத் தேசியத் திட்டமாக விரிக்கத் தொடங்கினார்கள். வேர் இங்கே, சென்னையில் இருக்கிறது.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்றைக்குக் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை என்று சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். படுக்கை கிடைத்தது மிகச் சிலருக்கே. சென்னை மையம் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, தங்கள் சாப்பாட்டோடு. மருந்து இரண்டுக்கும் ஒன்றே. 1959-ல் முடிவு வெளியானது: வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டு மனிதர்களுக்கு நோய் தொற்றுவதும் அதிகமாகவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னை முடிவுக்குப் பங்கு உண்டு.

அதே மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரையைத் தவறவிடுவது அப்போதே தெரிந்தது. வீட்டுச் சிகிச்சையின் பலவீனம் இதுதான் என்று கண்டு, வாரம் இரண்டு நாள் மட்டும் மருந்து, அதுவும் ஊழியர் முன்னால் என்ற முறையை 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே சோதித்தார்கள்.

என் அபிப்பிராயம், அந்தச் சோதனையில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். கண்காணிப்பு வந்தது. அதோடு இருந்த வீடு தேடிப் போகிற கால் எல்லா இடத்திலும் வரவில்லை. நோயாளியை வரவழைத்து விழுங்க வைப்பது, மறதிக்கு மருந்து. கூலி போவதற்கோ, பசிக்கோ, மாப்பிள்ளை வீட்டாருக்கோ மருந்து இல்லை. 2017-ல் வாரம் மூன்று நாள் முறை போய் தினசரி முறை வந்தது. மாத்திரையை வீட்டுக்கே தருகிறார்கள், உறையைப் பிரித்ததும் தெரிகிற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் ஏற்பாடும் சில இடங்களில் வந்தது. மிஸ்டு கால் வந்தது என்றால் உறை பிரிக்கப்பட்டது என்று தெரியும், அவ்வளவுதான்.

விட்டவர் திரும்பிப் போவது

வீட்டில் மீந்திருக்கிற பழைய மாத்திரையைத் தூசி தட்டித் தாமாகவே மறுபடி தொடங்குவதுதான் ஆகக் கெட்ட வழி. எந்தப் பூட்டு இன்னும் வேலை செய்கிறது என்று தெரியாமல் செய்கிற காரியம் அது. மருத்துவமனைக்குத் திரும்பப் போனால் முதலில் சளியை எடுத்து மரபணுச் சோதனை செய்வார்கள். கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்ற இரண்டு கேள்விக்கும் அந்த இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும். எந்த மருந்து என்பதை அதற்குப் பிறகு டாக்டர் முடிவு செய்வார். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் எதற்குப் போனாலும் வழி காட்டுவார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

2019-ல் பெரியப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசவில்லை. அந்த முறை இருந்த செவிலியருக்கு என் வயது இருக்கும். அட்டையைக் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா. எத்தினி நாளா போடல?" என்றார். அவர் சொன்னார். "எதனால போடல?" என்று அடுத்த கேள்வி. முதல் சிகிச்சையில் அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க தொறக்கற நேரத்துக்கு நான் ஷாப்புல இருக்கணும்மா" என்றார்.

சோதனையில் கிருமி ரிஃபாம்பிசினுக்கு மசியும் என்று வந்தது. மாத்திரையைப் பெரியம்மா வந்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று செவிலியர் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதிலேயே அன்றைய மாத்திரையை மடித்து, விடியற்காலை சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார்.